கடைத்தொகுதிக்குள் துவக்குச் சுடும் மண்டபம் வரப் போகிறதாம், கையெழுத்து வைக்கலாமா?

தையல்கடை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பெயர் போடவில்லை. ஏ9 வீதி ஓரத்து வன்னிச் சிறுநகரம் ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள், ஊர்க்காரருக்கு எப்படியும் விளங்கி விடும்.

இங்கே இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாடியில் ஒரு கட்டிடம் எழும்பியது. கீழே ஒன்பது கடை, அதில் ஒன்று என்னுடைய தையல்கடை. நடு மாடியில் ஒரு ரியூசன் சென்ரர், ஒரு பல் டொக்டர், ஒரு போட்டோக் கொப்பிக் கடை. மேல் மாடியில் ஆறு வீடு, குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. பின்பக்கம் நீளமாக ஒரு மண்டபம். அது கலியாண மண்டபமாக வரும் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கடை தந்தார்கள். கலியாணம் நடந்தால் பிளவுஸ் தைக்க ஆள் வரும் என்று நானும் கணக்குப் போட்டுத்தான் முற்பணம் கட்டினேன்.

இப்போது கட்டிட முதலாளி (வெளிநாட்டில் இருந்து வந்தவர், மோசமான மனிதர் இல்லை, வாடகை ஒரு மாதம் பிந்தினாலும் ஏசமாட்டார்) அந்த மண்டபத்தில் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு நிலையம் போடப் போகிறாராம். அவர் இருந்த நாட்டில் இப்படிக் கடைகளோடு சேர்ந்தே இருக்கிறதாம், பக்கத்தில் கோப்பிக் கடையும் வருமாம், கொழும்பில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். எங்களிடம் ஒரு கடதாசி வந்திருக்கிறது. இரண்டே வரி, "எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை" என்று. கட்டிடத்துக் கடைக்காரரில் ஆறு பேர் கையெழுத்து வைத்து விட்டார்கள். ரியூசன் சேர் யோசித்துக் கொண்டிருக்கிறார். ஊரிலும் கதை இரண்டுபட்டு விட்டது. சனசமூக நிலையத்தில் பெடியள் வரட்டும் என்கிறார்கள், மாதர் சங்கத்தில் வேண்டாம் என்கிறார்கள்.

நான் ஏன் தயங்குகிறேன் என்று சொல்கிறேன். என் கடையில் பெடல் மெசினில் இருக்கிற அம்மாவுக்கு அறுபது தாண்டும். போன மாதம் எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒரு ரியூப் வெடித்தது, அவ்வளவுதான். மெசின் சத்தம் நின்றது. நூல் அறுந்து விட்டதாக்கும் என்று திரும்பிப் பார்த்தால் நூல் அப்படியே இருக்கிறது, ஊசி துணியில் பாதி இறங்கினபடி நிற்கிறது, அவ மேசைக்குக் கீழே குந்தியிருக்கிறா. கை இரண்டும் காதில் இல்லை. தலைக்கு மேலே, விரல்களைக் கோத்துப் பிடித்தபடி. கொஞ்ச நேரம் கழித்து எழும்பிச் சீலையைத் தட்டி, "நூல் கட்டை விழுந்திட்டுது" என்று சொல்லிப் போட்டு விட்ட இடத்தில் இருந்து தைத்தா. நூல் கட்டை விழவே இல்லை.

சரி, இனிக் கேள்விக்கு வருகிறேன். சத்தம் வெளியே வராது என்கிறாரே, அது நடக்கிற காரியமா? வீடும் கடையும் ரியூசனும் இருக்கிற கட்டிடத்துக்குள் இப்படி ஒன்றுக்குப் பிரதேச சபை அனுமதி கொடுக்குமா? நான் ஒருத்தி மட்டும் மறுத்தால் கடையை விட்டு எழுப்பி விடுவாரா? ஒப்பந்தம் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

வவுனியாப் பெடியன்:

அக்கா, கோபிக்க வேண்டாம், நான் மற்றப் பக்கம் நின்று கதைக்கப் போகிறேன்.

முதலில் என்ன துவக்கு என்று கேட்டீர்களா? ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் றைபிள் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் வெடிமருந்தே இல்லை, அமுக்கின காற்றுத்தான். குண்டு 4.5 மில்லிமீற்றர், ஒரு மிளகளவுதான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர், உங்கள் ஊசி முனையால் ஒரு குத்துக் குத்தினால் எவ்வளவோ அவ்வளவு. 75 நிமிடத்துக்குள் 60 வெடி வைக்க வேண்டும், ஒவ்வொரு வெடிக்கும் மூச்சைப் பிடித்து, இதயம் அடிக்கிற இடைவெளி பார்த்துச் சுடுவார்கள். பார்த்தால் தியானம் செய்கிற மாதிரி இருக்கும். எங்கள் நாட்டில் இருந்து தெஹானி எகொடவெல ரோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனது இந்தப் போட்டியில்தான். வன்னியில் ஒரு பிள்ளை அப்படி வரக் கூடாதா? எங்கள் பிள்ளைகள் வலைப்பந்தும் கரப்பந்தும் மட்டும்தான் விளையாட வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா?

துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் யுத்தம் முடிந்த 2009க்குப் போய் விடுகிறார்கள். நானும் அந்தச் சனத்துக்குள் இருந்தவன்தான், அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்காக வாழ்நாள் முழுக்க எதற்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக் கொண்டிருக்க ஏலாது.

குழாய்க்காரன்:

நான் கனடாவில் கட்டிடங்களுக்குக் காற்றோட்டக் குழாய் போடுகிற வேலை. சொந்த இடம் மல்லாவி. இரண்டு உள்ளகச் சுடும் நிலையங்களில் வேலை செய்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி சொன்ன காற்றுத் துவக்கு வேறு, வெடிமருந்துத் துவக்கு வேறு. இது இரண்டையும் பிரிக்காமல் கதைத்தால் கதை எங்கேயும் போகாது. காற்றுத் துவக்கின் சத்தம் ஒரு பலகையை இன்னொரு பலகையில் அடித்த மாதிரி, நல்ல கதவு இருந்தால் வெளியே பெரிதாகக் கேட்காது. கைத்துப்பாக்கி என்றால் சுடுகிற இடத்தில் 150, 160 டெசிபல் உச்சம் வரும். சாதாரண ஆறு அங்குலக் கல்லுச் சுவர் அதில் ஒரு 45, 50 ஐக் குறைக்கும் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். கழித்துப் பாருங்கள், மிச்சம் நூறுக்குக் குறையாமல் நிற்கிறது. அது சுவர் ஒழுங்காக இருந்தால். கதவடியில் அரை அங்குல இடைவெளி, வயர் போன துளை, ஏசிக் குழாய், கூரைத் தகரம் இவற்றால் வருவது வேறு. தளம் ஒன்றாக வார்த்த கட்டிடம் என்றால் கொங்கிறீற்று வழியாகவே மேல் வீட்டுக்கு அதிர்வு ஏறும், படுத்திருக்கிற ஆள் காதால் கேட்பதற்கு முதல் முதுகால் கேட்பார். நான் வேலை செய்த இடத்தில் கட்டிடத்துக்குள் இன்னொரு கட்டிடம் மாதிரி, இரண்டு சுவர், நடுவே இடைவெளி, தளமும் தனி. கலியாண மண்டபமாகக் கட்டினதை அப்படி மாற்ற முடியும்தான், ஆனால் அந்தச் செலவுக்கு அவர் இன்னொரு கட்டிடமே கட்டலாம்.

சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பீர்கள். எனக்கு அதைவிடப் பயம் ஈயம். தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கிற மருந்தில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும், குண்டும் ஈயம். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். ஒழுங்கான இடத்தில் சுடுபவரின் முதுகுப்பக்கம் இருந்து காற்று வந்து, குண்டு போகிற திசையில் தள்ளிக் கொண்டு போய், மிக நுண்ணிய வடிகட்டிகளுக்குள்ளால்தான் வெளியே விடப்படும். மண்டபத்துக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் கதவு திறந்தால் தூள் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். அங்கே தும்புத்தடியால் கூட்டவே விடமாட்டார்கள், ஈரத் துணி அல்லது அதற்கென்று இருக்கிற, தூசி உறிஞ்சும் வாக்கும் மெசின்தான். வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குப் போக எனக்கு அனுமதி இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதுதான். மூளை வளர்கிற வயதில் படிப்பைப் பாதிக்கும். மேலே ரியூசன் சென்ரர் வைத்துக் கொண்டு கீழே இது.

இன்னொன்று. இவ்வளவையும் ஓட்டுகிற காற்றாடி கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால்? ஜெனரேற்றர் வரும் வரைக்கும் சுடுவதை நிறுத்துவார்களா என்று கேளுங்கள்.

காற்றுத் துவக்கிலும் குண்டு பெரும்பாலும் ஈயம்தான், ஆனால் அடிமருந்து இல்லாதபடியால் தூள் மிகக் குறைவு. கை கழுவி, குண்டு விழுகிற பெட்டியைக் கவனமாகத் துப்புரவாக்கினால் சமாளிக்கலாம்.

ஓட்டோ அண்ணை:

இங்கே ஜெனரேற்றர் வருவதற்குள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடும் முடித்து விடுவார். கொழும்பில் இருந்து சுட வருகிறவர்களை நான் ஸ்ரேசனில் ஏற்றத் தயார், ஆனால் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

காவல்கொட்டில்:

நான் புதுக்குடியிருப்புப் பக்கம், வயல். ஒரு விசயம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

வெடிச் சத்தம் எங்களுக்குப் பழகாதது இல்லை. காலபோக நெல் முற்றுகிற நேரம் இரவில் வந்து பாருங்கள், நாலு பக்கமும் வெடிதான். யானையை விரட்டுகிற யானை வெடி வனசீவராசித் திணைக்களத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கடையில் வாங்குவோம். அதைக் கேட்டு என் மனுசி திரும்பிப் படுத்து நித்திரை கொள்ளும். அதே மனுசி பட்டப்பகலில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு சத்தத்துக்கு நெஞ்சைப் பிடித்துக் கொண்டு முற்றத்துக்கு ஓடி வரும். சத்தம் பெரிதா சின்னதா என்பது இல்லை. யார் வைக்கிறான், எதற்கு வைக்கிறான் என்று தெரிந்தால் உடம்பு அடங்கி இருக்கிறது. உங்கள் தையல்கார அம்மாவுக்கு மண்டபத்துக்குள் யார் எப்போது சுடுவான் என்று எப்படித் தெரியும்? மணி அடித்துச் சொல்லி விட்டா சுடுவார்கள்?

அடுத்தது, இதை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே யார் வந்து சுடப் போகிறார்கள்? வன்னியில் லைசன்சோடு துவக்கு வைத்திருக்கிற சனம் எத்தனை பேர்? பன்றி நெல்லை உழுது விட்டுப் போகுது என்று ஒரு வேட்டைத் துவக்குக்கு எழுதிப் போட்ட எனக்கே இன்னும் ஒரு பதில் இல்லை. அதனால்தான் சிலர் இடியன் என்கிற நாட்டுத் துவக்குக் கட்டி மாட்டுப்பட்டு வழக்குக்கு அலைகிறார்கள். இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்த பெடியனை இன்றைக்கும் வீட்டுக்கு வந்து விசாரித்து விட்டுப் போகிறார்கள், அவன் அந்தக் கட்டிடத்துப் படியில் கால் வைப்பானா? என் தம்பி அப்படி ஒருவன். மகளை ரியூசனில் இறக்கி விட அந்தக் கதவைக் கடந்து போக வேண்டும் என்றால் அவன் வேறு ரியூசன் தேடுவான். அப்ப மிச்சம் யார்? சீருடைக்காரர், லீவில் வருகிற சீருடைக்காரர், கொழும்புப் பணக்காரர். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் துவக்கோடு ஆள் ஏறி இறங்குகிற படியால் எங்கள் பிள்ளை புத்தகத்தோடு ஏறி இறங்க வேண்டும், அதுதான் விசயம். பாதை திறந்து, சென்றி என்கிற காவலரண் எல்லாம் எடுத்து, இப்போதுதான் கடைத்தெருவில் துவக்கைக் காணாமல் நடக்கப் பழகியிருக்கிறோம். அதைக் காசு கொடுத்துத் திரும்பக் கூப்பிட வேண்டுமா?

சுட்ட தோட்டாவின் கோதையும் யோசியுங்கள். வெறும் கோது பித்தளை, கிலோக் கணக்கில் சேரும். பள்ளிக்கூடத்தில் வந்து படம் காட்டி, அப்படி ஏதாவது கண்டால் தொடாதே, ஆட்களிடம் சொல்லு என்று படிப்பித்த பிள்ளைகள் இவர்கள். முகமாலையில் மிதிவெடி பொறுக்கின கதை எல்லோருக்கும் தெரியும். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை போனவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். இனி அதே கோது கோப்பிக் கடை வாசல் குப்பை வாளியில் கிடக்கும், அது மட்டும் பரவாயில்லை என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வவுனியாப் பெடியன்:

அண்ணை, யார் சுடப் போகிறார்கள் என்ற கேள்வியை நான் யோசிக்கவில்லை, உண்மை. ஆனால் அப்படிப் பார்த்தால் காற்றுத் துவக்கு மட்டும் என்றால் உங்களுக்குச் சரியா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, பின்னேரம், ஒரு பயிற்றுநரோடு?

காவல்கொட்டில்:

தம்பி, அது சரி. ஆனால் அதை ஏன் ரியூசனுக்குக் கீழே? விளையாட்டு மைதானத்தோடு ஒரு கொட்டகை போடச் சொல்லுங்கள், நானே வந்து கிடுகு வேய்ந்து தருகிறேன்.

பழைய கிளாக்கர்:

பிள்ளை, முப்பது வருடம் உள்ளூராட்சியில் கோப்புத் தூக்கினவன் நான். சட்டத்தரணி இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதே. மறுக்கச் சொல்லவில்லை, அந்தக் கடதாசியில் வைக்காதே என்கிறேன். எதற்கு ஆட்சேபனை இல்லை என்று அதில் இல்லையே. என்ன துவக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கட்டிடப் படம், ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வரியை நாளைக்கு எதற்கும் பின்னால் குத்தலாம்.

கட்டிடப் படம் ஒரு பாவனைக்கு என்று சொல்லித்தான் அனுமதிக்கப்படும். கலியாண மண்டபம் என்று அனுமதி எடுத்திருந்தால் அதைச் சுடும் இடமாக மாற்றுவது வேறு பாவனை, அதற்குச் சபையிடம் திரும்பப் போக வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரகடனத்துக்குள் வருகிற பகுதி என்றால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் சேரும். துவக்கு வைத்திருப்பது சபையின் கையில் இல்லை, அது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போகும். தோட்டாவைக் களஞ்சியப்படுத்துவதற்கு 1956 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. ஆகவே "சபை அனுமதி தந்து விட்டது" என்று ஒரு கடதாசியைக் காட்டினால் கதை முடிந்தது என்று நினைக்காதே, "மேலிடத்தில் எல்லாம் சரி" என்று சொன்னால் சபைக்கு வேலை இல்லை என்றும் நினைக்காதே. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டித் தப்பிப்பது எங்கள் காலத்திலேயே இருந்தது.

சத்தத்துக்கு 1996 இல் வந்த ஒழுங்குவிதி இருக்கிறது, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ். பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பின்னேரம் ஆறு மணியில் இருந்தே இரவு, இதைக் கவனி, ஏனென்றால் வேலை முடிந்து ஆட்கள் விளையாட வருவது ஆறு மணிக்குப் பிறகுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை. அந்த அளவு ஒரு நேரத்துக்குச் சராசரியாக எடுப்பது. வெடி ஒரு கணம்தான், பிறகு அமைதி. சராசரி போட்டால் வெடி கரைந்து விடும். கடிதத்தில் "உச்சச் சத்தம்" என்று தனியாக எழுது.

முதல் வேலை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபைக்கு ஒரு விண்ணப்பம் போட்டு, அந்தக் கட்டிடத்துக்கு என்ன பாவனைக்கு அனுமதி கொடுத்தது என்று கேள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இரண்டாவது, ஆட்சேபனையை எழுத்தில் கொடு, இரண்டு பிரதி கொண்டு போ, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக் கொண்டு வா. வாயால் தவிசாளரிடம் சொன்னது காற்றோடு போய் விடும். அவரும் நல்லவராகத்தான் இருப்பார், 2025 மே தேர்தலில் வந்த புதுச் சபைகள், வாசலில் ஆயிரம் பேர் நிற்பார்கள்.

கடையை எழுப்புவது பற்றி: ஒப்பந்தத்தை எடுத்து வாசி. பதினான்கு மாதம் என்று கையெழுத்தோடு இருந்தால் கோபத்தில் எழுப்ப முடியாது. அதற்குப் பிறகு புதுப்பிக்காமல் விடலாம், அதைத் தடுக்க என்னிடம் மருந்து இல்லை.

போட்டோக் கொப்பி:

நானும் அதே கட்டிடம்தான், யார் என்று அக்காவுக்கு விளங்கும். நான் கையெழுத்து வைத்தவன். மாதம் மாதம் கரண்ட் பில்லைப் பார்த்தால் யாராவது வரட்டும் என்றுதான் தோன்றியது, ஈயக் கதை எனக்குத் தெரியாது. கையெழுத்தைத் திரும்ப எடுக்கலாமா ஐயா?

பழைய கிளாக்கர்:

அதே சபைக்கு எழுதிக் கொடு, திகதி போடு, முத்திரை வாங்கு. அவ்வளவுதான் தம்பி.

தையல்கடை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஓட்டோ அண்ணைக்கும்தான்.

முதலாளியிடம் நானும் பல் டொக்டரும் போனோம். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தேத்தண்ணி தந்து படத்தை மேசையில் விரித்தார். படத்தில் மண்டபத்துக்கு "பல்நோக்கு மண்டபம்" என்றுதான் இருக்கிறது. காற்றுக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டேன். விரலால் தேடினார், தேடிக் கொண்டே ரியூசன் சென்ரரின் பின் யன்னலில் வந்து விரலை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவரே கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று டொக்டர் கேட்டதற்கும் பதில் இல்லை. பிறகு, சரி, முதலில் காற்றுத் துவக்கு மட்டும் போடுகிறேன் என்றார். முதலில் என்றால் பிறகு என்ன என்று கேட்டேன், அதை எழுதித் தருவீர்களா என்றும் கேட்டேன். சட்டத்தரணியோடு கதைக்க வேண்டுமாம். காவல்கொட்டில் அண்ணை சொன்ன மைதானக் கதையையும் சொன்னேன். "அங்கே வாடகை யாருக்கு வரும்" என்று சிரித்தார். அதுவும் நியாயம்தான், வங்கிக் கடனை அவர்தானே கட்டுகிறார்.

தகவல் விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. ஆட்சேபனைக் கடிதமும் கொடுத்து முத்திரை வாங்கினேன். போட்டோக் கொப்பித் தம்பியும் சாமான் கடை அக்காவும் கையெழுத்தைத் திரும்ப எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற நாலு பேர் என்னோடு இப்போது கதைப்பது குறைவு.

கடிதத்தில் சத்தம், ஈயம், ரியூசன் பிள்ளைகள், படி, கோது எல்லாம் எழுதினேன். மெசினில் இருக்கிற அம்மாவைப் பற்றி எழுதவில்லை, அது அவவின் விசயம், நான் எப்படிச் சபைக்கு எழுதுவது. பிரதியைக் கடைக்குக் கொண்டு வந்தபோது என்ன கடிதம் என்று கேட்டா, கண்ணாடி இல்லை, நீ வாசி பிள்ளை என்றா. முழுவதையும் வாசித்தேன். தைத்துக் கொண்டே கேட்டா. முடிந்ததும் காலை எடுத்து, பெடலை நிறுத்தி, "நூல் கட்டை விழுந்ததை எழுதேல்லையோ?" என்று கேட்டா.